எங்கள் பிள்ளை

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் தேரோட்டி மாதிரி. ஆட்டத்தை நடத்துவதும் பந்தை எறிவதும் அவர் பொறுப்பு. 2012-இல் வந்து சேர்ந்த ஆண்ட்ரூ லக்கை இண்டியானாபொலிஸ் நகரம் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. ஆடுகளத்தில் அவருக்குச் சிறுநீரகம் கிழிந்தது; தோள் பழுதாகி 2017 முழுவதும் ஆட முடியவில்லை. மறு ஆண்டே மீண்டு வந்து அணியைத் தூக்கி நிறுத்தினார்.

2019 ஆகஸ்ட் 24. இருபத்தொன்பது வயதில் அவர் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி, ஆட்டத்தின் நடுவே அரங்கில் பரவியது. ஓரமாக நின்றிருந்தவர் வெளியேறியபோது, அவர் ஊர் ரசிகர்களே ஊளையிட்டார்கள். அது மனத்தை நோகச் செய்தது என்று அன்றிரவே அவர் ஒப்புக்கொண்டார்.

நன்றி கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். 'எங்கள் பிள்ளை' என்று ஒருவனைத் தூக்கிக்கொள்ளும்போதே, அவன்மேல் நாம் ரகசியமாக ஓர் அடமானப் பத்திரம் எழுதிக்கொள்கிறோம். அவன் வெற்றியில் நமக்குப் பங்கு உண்டு. வலியில் மட்டும் இல்லை. அதனால்தான் அவன் விலகும்போது, சொத்து பறிபோனதைப்போல் பதறுகிறோம்.

'போதும், முடியவில்லை' என்று அவன் சொல்லும்போது நம் நினைவுக்கு முதலில் வருவது அவன் தோளா, நம் வெற்றியா? அது வெற்றியாக இருந்தால், நாம் அதுவரை அன்பு என்று நினைத்திருந்தது வெறும் வட்டிக் கணக்குதான்.