நாலு மணி நேரத் தூரம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். துபாயிலிருந்தும் அதே 3,000தான். கிழக்கே பறந்தாலும் மேற்கே பறந்தாலும் சுமார் நாலு மணி நேரம்.

அய்யலூரில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. பெரிய மகன் சிங்கப்பூரில், சின்னவன் துபாயில். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். புதன்கிழமை காலையில் பெரியவன் விமானம் ஏறினான். அங்கே பத்து மணிக்குக் கிளம்பினால் இங்கே பதினொன்றரை! கடிகாரமே இரண்டரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் ஒன்றரை மணி நேரக் கார். மத்தியானமே அம்மா காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

சின்னவன் வரவில்லை.

''அதே நாலு மணி நேரந்தானேப்பா? மனசிருந்தா வந்திருக்க மாட்டானா?'' என்றார் பந்தலில் ஒரு பெரியவர். நாலைந்து தலைகள் ஆமாம் போட்டன. என் தலையும்தான்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. அவன் பாஸ்போர்ட் முதலாளியிடம். அப்படி வாங்கி வைக்கக் கூடாது என்று அங்கேயும் சட்டம் உண்டு. அம்மா செத்த அன்றைக்கு யார் சட்டம் பேசுவது? முதலாளியோ வெளியூரில்.

எம்.வி.சிதம்பரம் கப்பல் ஓடிய காலத்தில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வாரம் கடல். வர முடியாத பிள்ளையை யாரும் ஏசவில்லை; கடலைக் காட்டினால் போதும். 1985-ல் தீ விபத்தோடு அந்தக் கப்பல் நின்றது. விமானம் தூரத்தைக் குறைத்தது, சரி. கூடவே பிள்ளைகளுக்கு இருந்த ஒரே சாக்கையும் பிடுங்கிக்கொண்டது. 2020 மார்ச்சில் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தினார்களே, அப்போது மட்டும் பழையபடி யார் மேலும் பழி இல்லை. செல்போனில் முகம் பார்த்து அழுதார்கள், ஊரும் சேர்ந்து அழுதது.

வராதவனின் மனசை அளக்க விமான நேரத்தை எடுத்துக்கொள்கிறோம். லீவு, டிக்கெட் காசு, முதலாளியின் கையெழுத்து... இதெல்லாம் எந்த கிலோமீட்டரில் வரும்?

சின்னவன் போன் பண்ணினான். ''மாமா, பாஸ்போர்ட் ராத்திரி கெடச்சிரும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிருங்க மாமா. மூஞ்சிய மட்டும் பாத்துக்கிறேன்.''

ஐஸ் பெட்டி இருந்தது. இன்னொரு நாள் வாடகை, அவ்வளவுதான். தாய்மாமா தயங்கினார். பந்தலில் குரல்கள் வந்தன: ''நாளைக்கு வியாழக்கெழமப்பா... சந்தை.''

அய்யலூர் ஆட்டுச்சந்தை தெரியுமல்லவா? ஊரில் பாதிப்பேருக்கு அதுதான் பிழைப்பு. ஒரு வாரம் தவறினால் ஆட்டுக்கு இன்னும் ஏழு நாள் தீனி. அதையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் துபாய்க்காரன் மனசை அளந்த பெரியவர், தன் பங்குக்கு அரை நாள் தர முடியவில்லையே.

புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டோம்.

மறுநாள் காலை சின்னவன் திருச்சியில் இறங்கினான். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஆடு ஏற்றிய வேன்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. கார் அரைமணி நேரம் நகரவில்லை. இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆடுகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்தான்.