பிறப்புக்கு முளைத்த இறக்கை

2008 ஏப்ரலில் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் இளவரசர் வில்லியம் நெஞ்சில் விமானிக்குரிய இறக்கைச் சின்னம் ஏறியது. குத்திவிட்டவர் அப்பா சார்லஸ். பயிற்சி நாலே மாசம், மற்றவனுக்கு வருஷக்கணக்கு. அந்த மாசமே அவருடைய சினூக் ஹெலிகாப்டர் காதலி வீட்டு நிலத்தில் இறங்கியது. அத்தை மகனின் கல்யாணத்துக்கு முந்தின குடிவிருந்துக்கும் அதிலேதான் போனார். அதுவும் பயிற்சிதானாம். செலவுதான் பெரிய பேச்சாச்சு. எனக்கு உறுத்துவது அதுவல்ல.

நாளைய ராஜா முப்படையையும் பழகித் தெரிஞ்சிக்கணும் என்றார்கள். தெரிஞ்சிக்கட்டும். அதுக்கு இறக்கை எதுக்கு? எந்தக் கட்டத்திலும் வெளியே தள்ளப்படலாம் என்ற பயத்தோடு பறந்து தேறியவன் சட்டையிலும் அதே சின்னம்தானே! (தகுதி, திறமை என்று நம்மிடம் கணக்குக் கேட்பவர்கள் கவனிக்க.)

அவருக்குத் திறமை இல்லையென்று சொல்லவரவில்லை. பிறகு முழுசாகப் பயின்று, 2010 முதல் 2013 வரை மீட்பு ஹெலிகாப்டர் ஓட்டினார். அப்படியென்றால் 2008இல் நெஞ்சில் ஏறியது எதற்கான சின்னம்?