பொறுத்தவருக்கு எந்தப் பூமி?

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஒரு பழமொழி இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுத்தவன் பூமி வைத்திருந்தவன். எங்க தாத்தா பொறுத்தார், அவரோட அப்பாவும் பொறுத்தார். 1892-ல் வெள்ளைக்காரன் ஆணை போட்டுக் கொடுத்த பஞ்சமி நிலம் இப்ப யார் பேர்ல இருக்குன்னு நாம் இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். எனவே பொறுமை நல்ல குணமா என்று விவாதிப்பதற்கு முன், யார் யாரைப் பொறுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை இங்கே கல்லூரி வாசலில் வைத்துக் கேட்கிறேன். நம்ம பிள்ளைகள் அதிகம் காத்து நிற்கிற இடம் இன்றைக்கு அதுதான்.

அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் வெள்ளையருக்கு மட்டுமாக இருந்தது. கருப்பர்களுக்கான ஜாக்சன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மெரிடித், அங்கே மாறிப்போய்ப் படிக்க 1961 ஜனவரியில் மனுப் போட்டார். 9 வருஷம் விமானப்படையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஜனவரி 25-க்குப் பிறகு வந்த மனுக்களைப் பரிசீலிப்பதில்லை என்று பிப்ரவரியில் தந்தி வந்தது. அவருடைய மனு பிந்தியது சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களைப் பொறுக்க முடியாத பல்கலைக்கழகம்தான், அவரை 20 மாதம் காக்க வைத்தது.

இடையில் சொன்ன காரணங்களைப் பாருங்கள். அங்கே படித்து முடித்தவர்களிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வரவேண்டுமாம். அங்கே படித்தவர் எல்லாம் வெள்ளையர். ஊர்த்தெருவுக்குள்ளேயே விடாதவனிடம் போய், 'இவன் நல்லவன்'னு எழுதி வாங்கிட்டு வான்னு சொல்ற மாதிரி. அவர் படித்த கருப்பர் கல்லூரி தென்மாநிலக் கல்லூரிகளின் சங்கத்தில் உறுப்பு இல்லை என்பது இன்னொரு காரணம். எந்தக் காரணத்திலும் நிறம் என்ற சொல் இல்லை. நமக்கு இது புதுசா?

1961 மே 25-ல் மறுப்புக் கடிதம் வந்தது. வழக்குப் போட்டார்கள். கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற கருப்பினப் பெண் வழக்கறிஞர் வாதாடினார். வழக்கை இழுக்க இழுக்க ஒரு விசித்திரமான நிலை வந்தது. மெரிடித் பழைய கல்லூரியிலேயே படிப்பை முடித்துவிட்டால் மாறுவதற்கு எதுவும் இருக்காது, வழக்கே செத்துப்போகும். வேண்டுமென்றே நடந்த இழுத்தடிப்பு இது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1962 ஜூனில் சொன்னது. அப்புறமும் தடை மேல் தடை. ஆளுநர் தானே வழிமறித்து நின்றார். செப்டம்பர் 30 இரவு நடந்த கலவரத்தில் 2 பேர் செத்தார்கள். அக்டோபர் 1 காலையில் மெரிடித் பெயர் பதிவானது.

இதை வெற்றிக்கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே மாநிலத்தில் கிளைட் கென்னர்ட் என்று ஒருவர் இருந்தார். சிகாகோவில் படித்துவிட்டுக் குடும்பச் சூழலால் ஊர் திரும்பியவர். மிச்சப் படிப்பைப் பக்கத்தில் இருந்த கல்லூரியில் முடிக்க 1950-களில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முயன்றார். 25 டாலர் பெறுமான கோழித்தீவனத் திருட்டில் பங்கு என்று பொய் வழக்கு, 7 வருஷத் தண்டனை. சிறையில் புற்றுநோய் முற்றி, வெளியே வந்து, 1963 ஜூலை 4-ல் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது 2006-ல். கென்னர்டும் பொறுத்தவர்தான். அவர் ஆண்ட பூமி எது?

'எல்லாரும்தானப்பா காத்திருக்காங்க, ஒனக்கு மட்டுமா?' என்பார்கள். 10 இடத்துக்கு 1000 பேர் வந்தால் யாராவது காத்திருக்கத்தானே வேண்டும்? நியாயமான கேள்வி. ரேஷன் கடையில் நிற்பதும் காத்திருப்புதான். ஆனால் அங்கே எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று கண்ணுக்குத் தெரியும், கடை எப்போது மூடும் என்று தெரியும். வாசலில் நிற்பது வேறு. அங்கே உள்ளே இருப்பவனுக்குக் கெடு கிடையாது, வெளியே நிற்பவனுக்கு மட்டும் உண்டு. 2024-ல் ஐ.ஐ.டி. தன்பாத்தில் இடம் கிடைத்த ஒரு தலித் மாணவர், ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட முடியாமல் இடத்தை இழந்தார். அப்பா தினக்கூலி. உச்சநீதிமன்றம் அவரைச் சேர்க்கச் சொன்னது செப்டம்பர் 30-ல். பணம் இல்லாதவனுக்கு நிமிஷக் கணக்கு, நியாயத்துக்கு மாதக் கணக்கு.

நானும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுப் படிப்புக்கு நேர்முகம் போய்வந்தேன். 'லெட்டர் வரும்' என்றார்கள். டி.சி. உட்பட அசல் சான்றிதழ்கள் எல்லாம் அவர்களிடம். வேறெங்கேயும் சேர முடியாது. நாலு மாசம். அம்மா தினமும் தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்கும். அறுப்புக்குக் கூப்பிட வந்த ஊர்க்காரர், 'என்னடா, லெட்டர் வந்துடுச்சா?' என்று சிரித்தார். கடைசிவரை வரவில்லை. நேரில் போய்ச் சான்றிதழை வாங்கிவந்த அன்றைக்கு அம்மா கேட்டது: "இல்லைன்னு சொல்றதுக்குக்கூட நாம ஆளு இல்லையாப்பா?"

இந்தக் கேள்வியைத்தான் அறவியலின் முதல் கேள்வியாக நான் வைப்பேன். மறுப்பு ஒரு பதில். அதோடு சண்டை போடலாம், மேல்முறையீடு செய்யலாம். மெரிடித்துக்கு மறுப்புக் கடிதம் வந்ததால்தான் வழக்குப் போட முடிந்தது. பதிலே சொல்லாமல் வைத்திருப்பது, எதிரே ஒரு மனுஷன் நிற்கிறான் என்பதையே ஏற்காதது. தீண்டாமையின் இன்னொரு வடிவம் அது. தொடாமல், திட்டாமல், நம்ம வயசைத் தின்றுவிடும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. காத்திருப்பதற்கும் முதல் வேண்டும். மெரிடித்துக்குப் பின்னால் வழக்கறிஞர்களும் அமைப்பும் இருந்தார்கள். நம்ம தெருவில் நாலு மாசம் சோறு போட ஆள் இல்லாதவன் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ பஸ் ஏறிவிடுகிறான். 'அவனுக்கு விடாமுயற்சி இல்லை' என்று வாத்தியார் சொல்வார். அவன் தோற்ற பரீட்சை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது.

இதை வாசிக்கிற நம்ம ஆட்கள் சிலரும் இன்றைக்குத் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. மாணவருக்குக் கெடு வைத்தால் நிர்வாகத்துக்கும் கெடு வையுங்கள். இடம் இல்லையென்றால் தேதி போட்டு, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்காதீர்கள். மாணவர் அமைப்புகள் இந்த மூன்றையும் ஒவ்வொரு சேர்க்கையின்போதும் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்க வேண்டும், அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து.