தலைமேல் ஒரு துணி

வெள்ளாற்றின் ஒரு கரையில் திட்டக்குடி, மறுகரையில் லெப்பைக்குடிகாடு. இவ்வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகளைக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவை பல. பயணப் பெட்டியில் மகனுக்குத் தொப்பியையும், மேற்படிப்புக்குச் செல்லும் மகளுக்கு முக்காட்டுத் துணியையும் மடித்து வைக்கும் தாயின் உள்ளத்தில் ஒரு வினா எழாமலிராது: போகிற நாட்டில் இதை அணிய விடுவார்களா?

'ஊரோடு ஒத்துப் போ' என்பார் ஒரு சாரார். 'உடையை விட்டால் மார்க்கமே போயிற்று' என்பார் மறு சாரார். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் நம் அன்னையர் என்ன செய்தனர்? இந்நாட்டுச் சேலையை உடுத்து, அதன்மேல் வெண்துப்பட்டியைப் போர்த்தினர். தமிழை அரபு எழுத்தில் எழுதி மார்க்கம் பயின்றனர். இம்மண்ணோடு கலந்தனர், கரைந்துவிடவில்லை. அந்தக் கலப்பு எந்த அரசாணையாலும் நிகழ்ந்ததன்று.

ஆணை குறுக்கிட்டால் என்ன நேரும் என்பதை இலங்கை காட்டிற்று. 1905ஆம் ஆண்டு, துருக்கித் தொப்பியுடன் நீதிமன்றத்தில் தோன்றிய வழக்கறிஞர் எம்.ஸி. அப்துல் காதரைத் தலைமை நீதிபதி லேயார்ட் தடுத்தார். இலங்கை முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று கொழும்பு மருதானைப் பள்ளிவாசலில் பெருந்திரளாகக் கூடிக் கண்டனம் எழுப்பினர். முடிவில் தொப்பிக்கு அனுமதி கிட்டியது.

அத்தொப்பியின் பழங்கதையையும் பிற்கதையையும் சற்றே நோக்குவோம். 1829இல் தலைப்பாகையை ஒதுக்கிவிட்டு அதை அணியுமாறு தம் அலுவலர்களைப் பணித்தவர் துருக்கிச் சுல்தான் இரண்டாம் மஹ்மூது. 1925இல் அதே துருக்கி, சட்டமியற்றி அத்தொப்பியைத் தடை செய்தது. கொழும்பில் உரிமையின் அடையாளமாய் விளங்கியது, இருபதே ஆண்டுகளில் துருக்கியில் குற்றமாயிற்று! தொப்பி மாறவில்லை. ஆணையிட்ட கை மாறிற்று, அவ்வளவே. ஆகவே, எத்துணி என்பதைவிட, அதனை அணிபவரின் உள்ளத்திற்கு அதில் இடமுண்டா என்பதே முதல் வினாவாகும்.

குடியேறியோர் மிகுந்த பிரான்ஸ், 2004இல் அரசுப் பள்ளிகளில் முக்காட்டை விலக்கியது. முக்காட்டைக் கழற்றிய சிறுமி அந்நாட்டை மேலும் நேசித்திருப்பாளா? பிரிட்டனோ, தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு 1976லேயே மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து விலக்களித்தது. சிங்கப்பூர் அரசு மருத்துவமனைகளில் முஸ்லிம் தாதியர் முக்காடு அணிய 2021 நவம்பரில் வழி பிறந்தது. அதனால் நோயாளிக்குச் செய்யும் பணிவிடை குறைந்துவிடவில்லை. சுழலும் இயந்திரத்தின் முன்னும், கடவுச்சீட்டைச் சரிபார்க்கும் இடத்திலும் உடை சற்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். பாதுகாப்பு எல்லார்க்கும் பொது. 'உன்னைக் கண்டால் எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பதோ நியாயமான காரணம் ஆகாது.

இதோடு நின்றுவிட்டால் நாம் பிறரை மட்டுமே குறை கூறியவர்களாவோம். ஈரானில் 1936இல் முக்காட்டை வலிந்து களையச் செய்தது ஓர் அரசு. 1979 புரட்சிக்குப் பின் வலிந்து அணியச் செய்தது மற்றோர் அரசு. இரண்டு முறையும் பெண்ணைக் கேட்டவர் யார்? நம் இல்லங்களிலும் பாட்டியின் வெண்துப்பட்டி போய்க் கருநிறப் புர்கா வந்திருக்கிறது. விரும்பி ஏற்றோர் பலர். அவர்தம் விருப்பம் மதிக்கத்தக்கது. ஆனால், அண்டை வீட்டார் பேச்சுக்கு அஞ்சி அணிந்தவளும் உண்டன்றோ? அன்பின் பெயரால் இடும் ஆணையும் ஆணையே. அயல்நாட்டு அரசிடம் நாம் கேட்கும் உரிமையை நம் மகளுக்கு மறுப்போமாயின், நம் கோரிக்கை வலுவிழந்துவிடும்.

நாணத்தின் மேன்மையையும் மார்க்கத்தின் நெறியையும் எடுத்துரைப்பது நம் கடமை. நிர்ப்பந்தத்தால் விளைவது பக்தியன்று, பழக்கம் மட்டுமே. பெட்டியில் அந்தத் துணியை அன்போடு மடித்து வைக்கட்டும் தாய். கடல் கடந்த ஊரில் அதை எடுத்து அணியும் கை மகளுடையதாகவே இருக்கட்டும்.