யார் வந்தால் கதவு திறக்கும்?

1970 நவம்பர் 12 இரவு, வங்கக் கடலில் எழுந்த புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் சுற்றியிருந்த கழிமுகத்தையும் மூழ்கடித்தது. மாண்டவர்கள் குறைந்தது மூன்று லட்சம் பேர். புயல் வருவது வானிலை அலுவலர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் குடிசையில் உறங்கியவரைத் தட்டி எழுப்பி, "தண்ணி வருது, கிளம்பு" என்று சொல்ல ஆளில்லை.

வங்கதேசம் பிறந்த கையோடு, 1972-ல், அந்த ஆளை ஊருக்குள்ளேயே தேடத் தொடங்கினார்கள். சூறாவளி ஆயத்தத் திட்டம் என்று பெயர். அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து நடத்துகின்றன. தொண்டர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், சம்பளம் கிடையாது. கையில் ஒலிபெருக்கி, கைச்சங்கு, கொடி. மூன்று கொடி ஏறினால் பேராபத்து.

கருவிகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அவர்களுக்கு ஊரைத் தெரியும் என்பதே. எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, எந்தப் பெரியவருக்குக் காது கேளாது என்று அறிந்தவர்கள். மாட்டை விட்டு வரமாட்டேன் என்பவரிடம் அதிகாரி சட்டம் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கூடவே நடப்பார். கால்நடைகளுக்கென்றே அங்கே மண்மேடுகள் எழுப்பியிருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் 1991 ஏப்ரல் புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். புகலிடங்கள் போதவில்லை. பெண்களே மிகுதியாக மாண்டார்கள். கணவர் வரட்டும் என்று பிள்ளைகளோடு காத்திருந்தவர்கள் உண்டு. அந்நிய ஆண்கள் நெருக்கியடிக்கும் கூடத்துக்குள் போகக் கூசியவர்கள் உண்டு. ஊர் என்றால் ஆண்கள் என்று எண்ணியதற்கு அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். 2007-ல் சிதர் புயலில் இறப்பு சுமார் 3,400. அதுவும் சிறிய துயரம் அல்ல. இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களில் சரிபாதி பெண்கள்.

அதே கடலின் கரையில்தான் நாமும் குடியிருக்கிறோம். வெள்ளம் வடிந்தபின் சோற்றுப் பொட்டலம் கட்டுவதில் நம் தெருக்கள் குறை வைத்ததில்லை. என் கவலை அதற்கு முந்திய நாட்களைப் பற்றியது. மாடிப்படி இறங்க முடியாத பாட்டி எந்த வீட்டில்? கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடமாநிலத்தாருக்கு அவர்கள் மொழியில் யார் சொல்வது? இந்த விவரம் ஆட்சியர் அலுவலகக் கோப்பில் இராது. கிராம சபையிலோ குடியிருப்போர் சங்கத்திலோ வெயில் காலத்திலேயே உட்கார்ந்து, யாரை யார் அழைத்து வருவது என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ள வேண்டும். அரசு அந்தப் பெயர்களை ஏற்று, பயிற்சியையும் படகையும் முன்கூட்டியே அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைக்க வேண்டும், நள்ளிரவில் யார் குரல் கேட்டால் நம்பிக் கதவைத் திறப்பார் என்று.