விலையும் நியாயமும்

நியாயமான விலை என்பது கொடுப்பவரின் தாராளமா, பெறுபவரின் உரிமையா? ‘நியாய வர்த்தகம்’ பற்றிப் பாடசாலையில் பேச முனையும் ஆசிரியர் முதலில் இவ்வினாவுக்கு விடை காண வேண்டியுள்ளது. தாராளம் எனில் விரும்பும்போது கொடுக்கலாம். விரும்பாதபோது கையை மடக்கிக்கொள்ளலாம். உரிமை எனில் அப்படி முடியாது.

இவ்வியக்கத்தின் முதல் முத்திரை ஒரு நாவலின் பெயரைத் தாங்கியது என்பது இலக்கிய வாசகர்களுக்கு உவப்பான செய்தி. குடியேற்ற நாட்டு அதிகாரியாக இருந்த ஒல்லாந்தர் ஒருவர் முல்தாத்துலி என்ற புனைபெயரில் 1860இல் வெளியிட்ட ‘மக்ஸ் ஹவெலார்’, ஜாவா விவசாயிகள் பட்ட துயரைச் சொன்னது. 1988இல் நெதர்லாந்தில் கோப்பிப் பொதிகளில் இடப்பட்ட முத்திரைக்கு அப்பெயரே சூட்டப்பட்டது. அதன் நியதிகள் எளியவை: சந்தை விழுந்தாலும் விழாத ஓர் அடிமட்ட விலை, அதற்கு மேலாக, உற்பத்தியாளர் தாமே கூடி முடிவெடுத்துச் செலவிடும் சமூக நிதி, கேட்டால் முற்பணம், சிறுவர் உழைப்புக்குத் தடை. பிரித்தானியப் பாடசாலைகள் பல இப்பொருட்களைச் சிற்றுண்டிச்சாலையிலும் நியதிகளைப் பாடத்திலும் சேர்த்துக்கொண்டன.

மாணவருக்கு நெருக்கமான உதாரணம் உதைபந்து. பாகிஸ்தானின் சியால்கோட்டில் 32 துண்டுகளைக் கையால் தைத்து உருவாக்கிய பந்துகள் உலகெங்கும் சென்றன. தைத்தவர்களுள் சிறுவரும் இருந்தனர் என்பது 1990களில் பெரும் சர்ச்சையானது. 1997 பெப்ரவரியில் சர்வதேச தொழில் தாபனமும் யுனிசெப்பும் சியால்கோட் வர்த்தக சம்மேளனமும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. வீடுகளில் நடந்த தையல், கண்காணிக்கக்கூடிய நிலையங்களுக்கு மாறியது. பிள்ளைகளின் கையிலிருந்து ஊசி வாங்கப்பட்டது நன்மையே. ஆனால் வீட்டை விட்டு நிலையத்துக்குச் செல்ல இயலாத பெண்கள் பலர் வருமானம் இழந்தனர். தடை மட்டும் நியாயமாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று. தாய் தந்தையரின் கூலி உயர்ந்தால்தான் பிள்ளை பாடசாலையில் நிலைக்கும்.

தரம் 10 வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். “சேர், அந்தப் பந்து விலை கூடத்தானே? காசில்லாத நாங்க மலிவான பந்த வாங்கினா அநியாயக்காரரா?”

இது தட்டிக்கழிக்கக் கூடிய வினா அல்ல. நியாயம் காசு கொடுத்துத்தான் வாங்கப்பட வேண்டுமெனில், அது வசதியுள்ளவரின் ஆபரணமாகிவிடும். வறியவர் மலிவானதை வாங்குவது குற்றமல்ல. பொறுப்பு அதிகாரத்தின் அளவுக்கே வரும். விலையைத் தீர்மானிக்கும் கம்பனிக்கு அது மிகுதி. மொத்தமாகக் கொள்வனவு செய்யும் நிறுவனத்துக்கு அடுத்தது. ஒற்றைப் பந்து வாங்கும் சிறுவனுக்கு மிகச் சிறிது.

அப்படியாயின் பாடசாலையின் பொறுப்பு என்ன? பாடசாலையும் ஒரு கொள்வனவாளர்தான். எங்கள் கிராமத்துக் கடைகளில் முத்திரையிட்ட பொருட்கள் இல்லை. ஆனால் நியதியைக் கொண்டுவர முத்திரை தேவையில்லை. சுபஹுக்கு முன் எழுந்து இடியப்பம் அவித்துச் சிற்றுண்டிச்சாலைகளுக்குக் கொடுக்கும் தாய்மார் எத்தனை ஊர்களில் இருக்கிறார்கள்! அவர்களுக்குக் காசு அன்றே கிடைக்கிறதா? தேங்காய் விலை ஏறும்போது அவர்களோடு யாராவது பேசுகிறார்களா? மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பதாயின், நியாய வர்த்தகத்தில் வாங்குபவர் கொடுக்க வேண்டிய முற்பணத்தை இங்கே அந்த ஏழைப் பெண்ணே பாடசாலைக்குக் கொடுக்கிறாள்.

ஓர் இடியப்பத்தின் செலவைக் கணக்கிடுமாறு அதே வகுப்பைக் கேட்டேன். அரிசி மா, தேங்காய், விறகு, உப்பு என எழுதினார்கள். அவளுடைய நேரத்தை எவரும் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தைக் காட்டியதும் வகுப்பு வாதத்தில் இறங்கியது: ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு? அதை யார் தீர்மானிப்பது? மணி அடித்தும் வாதம் ஓயவில்லை.

நிறுவையில் குறைப்பது பாவம் என்று நம் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவிலேயே கற்கிறார்கள். தராசில் ஏறாத உழைப்பையும் நிறுக்கக் கற்பிப்பது பாடசாலையின் வேலை.