கண்ணாடி துடைக்க வந்தவன் கேட்ட கேள்வி

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்காகக் கடையை மூட ஆயத்தமான நேரத்தில், இருபது வயதைத் தாண்டாத ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு வாளி, இரண்டு துணி, றப்பர் பூட்டிய ஒரு வைப்பர். கடைக் கண்ணாடிகளைக் கழுவித் துடைக்கும் வேலையைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறானாம். சலாம் சொல்லிவிட்டுக் கேட்டான்: "இப்ப துடைக்கிறவருக்கு எவ்வளவு குடுக்கிறீங்க, நானா? அதிலயும் குறைச்சு நான் செஞ்சு தாறன்."

"நாளைக்கு வா, தம்பி" என்று அனுப்பிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். தொழுகையில் மனம் நிற்கவில்லை. ஏனென்றால் அதே வார்த்தைகளை, இதே திருகோணமலைத் தெருக்களில், 2010ஆம் ஆண்டு நான் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒரு தொழிலுக்குப் புதிதாக வருபவன், ஏற்கெனவே அதில் நிற்பவனின் விலையைக் குறைத்து உள்ளே நுழைவது ஹலாலான முயற்சியா, அல்லது இன்னொருவர் சோற்றில் கைவைப்பதா? அன்று எனக்கு இது கேள்வியாகவே தோன்றவில்லை. இன்று பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கிறேன்.

எங்கள் நகரத்துக்கு ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்பு வந்து கண்ணாடியில் படியும். காலையில் துடைத்தது இரண்டு நாளில் மங்கிப்போகும். ஆனாலும் யுத்த காலத்தில் கண்ணாடி துடைப்பது இங்கே ஒரு பிழைப்பாக வளரவில்லை. பலகைக் கதவும் இரும்புக் கதவுமாகக் கடைகள் தம்மை மூடிக்கொள்ளப் பழகியிருந்த காலம் அது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னரே தொலைபேசிக் கடைகளும் உடுப்புக் கடைகளும் முகப்பு முழுவதையும் கண்ணாடியாக்கின. அவ்வாண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும் திறக்கப்பட்டது. படகுப் பாதைக்காகத் துறையடியில் காத்துக் கிடந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு, காலையில் பஸ் ஏறி நகரத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்ற நிலை வந்தது. அந்தப் பாலத்தால் வந்தவர்களில் நானும் ஒருவன்.

இந்தத் தொழிலுக்கு முதல் என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ஒரு வாளி, கொஞ்சம் சவர்க்காரம், பழைய துணி, பழைய பத்திரிகைத் தாள். உலகெங்கும் இது புதிதாக வந்து சேருபவர்களின் தொழிலாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். இன்று எல்லோர் கையிலும் இருக்கும் றப்பர் வைப்பரை 1936இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் வடிவமைத்த எட்டோரே ஸ்டெக்கோனே என்பவரும் இத்தாலியிலிருந்து குடியேறிக் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவர்தான்.

வெட்கமாக இருந்த முதல் நாட்களில் ஒரு ஹதீஸ்தான் எனக்குத் தைரியம் தந்தது. உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் கொண்டுவரச் செய்து, சபையிலேயே ஏலம் விட்டு, கிடைத்த இரண்டு திர்ஹங்களில் ஒன்றால் வீட்டுக்கு உணவும் மற்றதால் கோடரியும் வாங்கச் செய்து, விறகு வெட்டி விற்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய சம்பவம் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அவருக்குக் கோடரி, எனக்கு வாளி என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் நான் போன தெருக்களில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அறுபதைத் தாண்டிய தமிழ்ப் பெரியவர். மத்திய வீதியிலும் அதை ஒட்டிய தெருக்களிலுமாகப் பதினான்கு கடைகளின் கண்ணாடி அவர் பொறுப்பில் இருந்தது. கடைக்கு வாரம் 100 ரூபாய் வாங்கினார். நான் ஒவ்வொரு கடையாக ஏறி, அவருக்குக் கொடுப்பது எவ்வளவு என்று கேட்டேன். 100 என்றார்கள். 60க்குச் செய்கிறேன் என்றேன். இரண்டு மாதத்தில் பதினான்கில் ஏழு என்னிடம் வந்தன. ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, எனக்கு எழுதியது எனக்கு வந்தது என்று வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் நடுப்பகல், கச்சான் காற்று அனலாய் வீசிய நேரம். ஒரு கடைக் கண்ணாடியில் சவர்க்கார நுரையைப் பூசி இறக்குவதற்குள் மேலே அது காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்துவிட்டது. மீண்டும் மீண்டும் துடைத்தேன், போகவில்லை. தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் கடந்து வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"வெயில் ஏறினாப் பிறகு கழுவாத, தம்பி. சவுக்காரம் காஞ்சு கோடு விழும். முதல்ல வெறும் தண்ணி ஊத்தி உப்பக் கரைச்சு இறக்கு. உப்போட தேய்ச்சாக் கண்ணாடி கீறும்" என்றார். பிறகு, என் வாளியைப் பார்த்தபடியே, "நூறை அறுபதாக்கினது நீ. அதை இனி நூறாக்க உன்னால ஏலாது. இன்னொருத்தன் அம்பதுக்கு வருவான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் சொன்ன இரண்டும் பலித்தன. முதலாவதைக் கொண்டு நான் வேலை கற்றேன். இரண்டாவதைக் கொண்டு பாடம் கற்றேன். 60 ரூபாய்க்கு ஒழுங்காக வேலை செய்ய முடியாது என்பது எனக்கு விரைவிலேயே விளங்கிற்று. பஸ் காசும் சவர்க்காரமும் போக மிஞ்சுவதற்கு ஒரு நாளில் அதிகக் கடை பார்க்க வேண்டும். அதிகக் கடை பார்க்க ஒரு தண்ணீர் குறைக்க வேண்டும். கூட்டித் தாருங்கள் என்று கேட்டபோது முதலாளிமார் சிரித்தார்கள். மூன்றாவதாக ஒரு பையன் 50க்கு வந்தான்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஒருவர் தம் சகோதரரின் வியாபாரத்தின் மீது வியாபாரம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆனால் கோடரிச் சம்பவத்தில் அவர்களே, ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்ன பிறகும், அதைவிடக் கூடத் தருபவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். முரண்போலத் தோன்றும் இதை நம் ஃபுகஹாக்கள் ஒரு கோட்டால் பிரித்தார்கள். விலை பேசி முடியாத வரை போட்டிக்கு இடமுண்டு. இருவர் பொருந்திக்கொண்ட பின் மூன்றாமவர் குறுக்கிடக் கூடாது.

அப்படியானால் பெரியவருடைய ஏற்பாடு முடிந்ததா, முடியாததா? சட்டப்படி பார்த்தால் எழுத்து இல்லை, காலவரை இல்லை. ஒவ்வொரு வாரமும் புதிய கூலிப் பேச்சு. ஆகவே வாசல் திறந்தே இருந்தது என்று நான் வாதிக்கலாம். பிரித்தானியாவில் கண்ணாடி துடைப்பவர் தம் வாடிக்கை வீடுகளையும் கடைகளையும் ஒரு தொகுதியாக இன்னொருவருக்கு விலைக்கு விற்றுவிட்டு ஓய்வு பெறுவது வழக்கம். வர்த்தகப் பெயர் போன்றவற்றுக்குப் பொருள் மதிப்பு உண்டு, அவை மீறப்படக் கூடாத உரிமைகள் என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும் தீர்மானித்திருக்கிறது. பெரிய கடையின் பெயர்ப்பலகை சொத்தாகலாம் என்றால், ஒரு மனிதர் வருடக்கணக்காக உப்பைக் கரைத்துச் சேர்த்த பதினான்கு கண்ணாடிகளின் நம்பிக்கை ஒன்றுமே இல்லையா?

'சகோதரர்' என்ற சொல்லிலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர் நம்மவர் அல்லவே என்று அன்று என் கூட்டாளி ஒருவன் என்னைத் தேற்றினான். இமாம் அவ்ஸாஈ போன்ற சிலர் இத்தடையை முஸ்லிமுக்கு மட்டும் உரியதாகக் கொண்டது உண்மை. ஆனால் பெரும்பான்மை இமாம்கள் அப்படிச் சுருக்கவில்லை. மூன்று சமூகங்கள் ஒரே துறைமுகத்தைச் சுற்றி வாழும் எங்கள் ஊரில், அந்தப் பெரும்பான்மைக் கருத்தின் அருமையை ஏட்டைத் திறக்காமலே விளங்கிக்கொள்ளலாம். சந்தையில் 'நம்மவர்', 'பிறர்' என்று பிரித்துப் பார்த்ததன் விலையை எல்லோரும் கொடுத்து முடித்த ஊர் இது.

உமர் (ரலி) அவர்களின் ஒரு சம்பவமும் இங்கே நினைவுக்கு வருகிறது. மதீனாச் சந்தையில் உலர் திராட்சை விற்றுக்கொண்டிருந்த ஹாதிப் (ரலி) அவர்களிடம், விலையைக் கூட்டுங்கள், இல்லையேல் எங்கள் சந்தையை விட்டு எடுங்கள் என்று உமர் (ரலி) சொன்னதாக இமாம் மாலிக்கின் முவத்தா கூறுகிறது. இமாம் ஷாபிஈ வழியாக வரும் அறிவிப்பில் கதை அத்துடன் முடியவில்லை. உமர் (ரலி) திரும்பிப் போய்த் தமக்குள் யோசித்து, ஹாதிப் (ரலி) வீட்டுக்கே சென்று, தாம் சொன்னது கட்டளையோ தீர்ப்போ அல்ல, ஊராரின் நன்மையை நாடியதுதான், விரும்பியவாறு விற்றுக்கொள்ளுங்கள் என்று கூறினார்களாம். அதிகாரம் கையில் இருந்தவர் தம் சொல்லைத் தாமே மறுபரிசீலனை செய்கிறார். நன்மையை விரும்பலாம், விலையைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற அந்தத் தயக்கம் எனக்குப் பெரிய பாடம். அதிகாரியின் கை எங்கே நிற்கிறதோ, அங்கேதான் மனிதனின் மனச்சாட்சி தொடங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. புதியவன் கையில் இருக்கும் ஒரே சாவி விலைதான். அவனுக்குப் பெயர் இல்லை, பழக்கம் இல்லை, சிபாரிசு இல்லை. விலையைக் குறைக்காதே என்று சொன்னால், முதலில் வந்தவர்கள் சுவர் கட்டிக்கொள்வார்கள். பின்னால் வந்த ஏழை வெளியே நிற்பான். இந்த மறுப்பை நான் இலேசாகத் தள்ள மாட்டேன். அந்த ஏழையாக நானே இருந்தவன்.

ஆனால் குறைந்த விலை வேறு, குறைத்த விலை வேறு என்று இப்போது நினைக்கிறேன். என் தண்ணீர், என் சவர்க்காரம், என் நேரம், என் வீட்டுச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எனக்கு 60 போதும் என்று நான் சொன்னால், அது என் உழைப்பிலிருந்து எழுந்த விலை. அதில் குற்றமில்லை. அவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டு, அந்தத் தொகையிலிருந்து கழித்துச் சொன்னால், அது அவருடைய மடியை அளந்து எடுத்த விலை. 60 என்ற எண் இரண்டிலும் ஒன்றுதான். நான் செய்தது இரண்டாவது. என் செலவை நான் ஒருநாளும் கணக்குப் பார்க்கவில்லை. அவருடைய வரவை மட்டுமே பார்த்தேன். அதனால்தான் அந்த விலை எனக்கும் கட்டவில்லை, அவருக்கும் மிஞ்சவில்லை.

2012இல் கத்தாருக்குப் போனபோது இதையே பெரிய அளவில் கண்டேன். டோஹாவின் உயர்ந்த கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தோம். போட்டிக் கம்பனியின் தொகையை எப்படியோ அறிந்து, அதற்குக் கீழே கேட்டு எங்கள் கம்பனி வேலையைப் பிடிக்கும். குறைந்த தொகை எங்கிருந்து வந்தது என்பது மாத முடிவில் எங்கள் சம்பளத்தில் தெரியும். மேசையில் இருந்து விலை குறைத்தவருக்கு நட்டமில்லை. அங்கே இல்லாதவர்தான் கொடுக்கிறார். பெரியவரின் ஏழு கடைகளைப் பற்றி நான் பேசியபோதும் அவர் அங்கே இருக்கவில்லை.

ஊர் திரும்பி அவரைத் தேடினேன். வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஹக்குல் இபாத் என்பதைப் பற்றி எத்தனையோ பயான் கேட்டிருக்கிறேன். பணம் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். இதில் நான் எடுத்தது என்ன என்று தொகை போட முடியவில்லை. தொகை போட முடியாத கடனை எப்படித் தீர்ப்பது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பையன் வந்தான். 2022இன் நெருக்கடியில் அவனுடைய வாப்பாவின் தொழில் போய், இன்னும் நிமிரவில்லை என்று பேச்சில் தெரிந்தது. என் கடைக் கண்ணாடி ஏற்கெனவே ஒருவர் கையில் இருப்பதால் அதைத் தர முடியாது என்றேன். துறைமுக வீதிப் பக்கம் யாரும் தொடாத கண்ணாடிகள் இருக்கும் சில கடைகளைச் சொன்னேன். யாருக்கு எவ்வளவு என்று கேட்காமல், உன் செலவைக் கூட்டிப் பார்த்து உன் விலையைச் சொல் என்றேன். வெயிலேறுமுன் கழுவவும், முதலில் வெறும் தண்ணீரால் உப்பை இறக்கவும் சொல்லிக் கொடுத்தேன்.

அவன் முகம் மலரவில்லை. பசியோடு வந்தவனுக்கு நான் புத்தி சொல்லி அனுப்பினேனோ என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. முதலாளி நாற்காலியில் இருந்துகொண்டு நீதி பேசுவது இலேசு. ஆகவே கடையின் பெயர்ப்பலகையையும் மேல்மாடி யன்னல்களையும், இதுவரை யார் கையும் படாதவற்றை, மாதம் ஒரு தடவை கழுவும்படி அவனிடம் ஒப்படைத்தேன். எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். அவன் வழக்கம்போல, "நீங்க மத்தவருக்கு..." என்று தொடங்கினான். பிறகு நிறுத்திக்கொண்டு, வாளியைக் கீழே வைத்து, விரல்களால் எண்ணத் தொடங்கினான்.

கொஞ்சம் நேரம் எடுத்தது. நான் காத்திருந்தேன்.